பாரிசுக்குப் போன 34 ஆக்சலாட்டல்கள்: ஒரு வளர்ப்புப் பிராணியின் வரலாறு



வகுப்பில் 'சாலமாண்டர்' என்று சொன்னால் பல பேருக்குப் புரியாது. 'ஆக்சலாட்டல்' என்று சொல்லிப் பாருங்கள், பின்வரிசை வரைக்கும் நிமிர்ந்து உட்காரும். 2021-ஆம் ஆண்டு மைன்கிராப்ட் விளையாட்டில் இந்தப் பிராணியைச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு பென்சில் பெட்டியிலும் பள்ளிப்பையிலும்கூட அதன் படம்தான். இளஞ்சிவப்பு உடம்பு, தலைக்கு இரண்டு பக்கமும் இறகு மாதிரி விரிந்த செவுள், எந்நேரமும் சிரிப்பது போன்ற வாய். பார்த்த பிள்ளைகள் அடுத்துக் கேட்பது, "டீச்சர், இதை வீட்ல வளர்க்கலாமா?"

கேள்வி சின்னதுதான். ஆனால் முதன்முதலில் இதைத் தொட்டியில் வைத்து வளர்த்தவர்கள் யார், எப்படி அது அவர்கள் கைக்கு வந்தது என்று தேடிப் போனால் ஒரு போர், ஒரு பேரரசு, வற்றிப்போன ஏரிகள் எல்லாம் வந்து நிற்கின்றன. ஆகவே இந்த மாதம் அந்த வரலாற்றையே கட்டுரையாகத் தருகிறோம்.

முதலில் சாலமாண்டர் என்றால் என்ன? பார்ப்பதற்குப் பல்லி போல இருக்கும், ஆனால் பல்லி இனம் கிடையாது. தவளைக்குத்தான் உறவு. செதில் இல்லை, தோல் ஈரமாக இருக்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இயற்கையாக வாழும் சாலமாண்டர் ஒன்றுகூட இல்லை. தமிழ்நாட்டிலும் இல்லை. அதனால்தான் நம் மொழியில் அதற்குப் பழகிய பெயரும் இல்லை. தவளையின் தலைப்பிரட்டை தண்ணீரில் வளர்ந்து, பிறகு செவுளை இழந்து கரையேறுவதை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். பெரும்பாலான சாலமாண்டர்களும் அப்படித்தான். ஆக்சலாட்டல் மட்டும் அடம்பிடிக்கும் பிள்ளை. வாழ்நாள் முழுவதும் செவுளோடு, தண்ணீரிலேயே, குழந்தைப் பருவத்திலேயே இருந்துவிடுகிறது. அந்தப் பருவத்திலேயே முட்டையும் இடுகிறது.

அதன் சொந்த ஊர் மெக்சிகோ பள்ளத்தாக்கு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த இடத்தில் அந்தக் காலத்தில் ஏரிகள் தொடர்ச்சியாக இருந்தன. தெற்குப் பக்கத்தில் இருந்த சோச்சிமில்கோ, சால்கோ ஆகிய இரண்டு நன்னீர் ஏரிகளில் ஆக்சலாட்டல் வாழ்ந்தது. அங்கே மக்கள் ஏரிக்குள் சேற்றையும் செடிகொடிகளையும் அடுக்கி நீள்நீளமான பாத்திகள் கட்டி விவசாயம் செய்தார்கள். அவற்றுக்கு 'சினாம்பா' என்று பெயர். பாத்திகளுக்கு இடையில் ஓடிய குளிர்ந்த கால்வாய்கள் ஆக்சலாட்டலுக்கு நல்ல வீடு. அஸ்தெக் மக்கள் அதை உணவாகவும் மருந்தாகவும் கொண்டார்கள். பெயர்கூட அவர்களுடைய நாவாட்டில் மொழியில் இருந்து வந்ததுதான். 'ஆட்டில்' என்றால் தண்ணீர், 'ஷோலோட்டில்' என்பது அவர்களுடைய தெய்வம் ஒன்றின் பெயர். பலி கொடுக்கப்படுவதற்குப் பயந்து ஓடிய அந்தத் தெய்வம் சோளப்பயிராக மாறியது, கற்றாழை போன்ற மகேய் செடியாக மாறியது, கடைசியில் தண்ணீருக்குள் பாய்ந்து ஆக்சலாட்டலாக மாறியது, அங்கேயும் பிடிபட்டது என்பது புராணக் கதை. உருமாறித் தப்பிக்கப் பார்த்த தெய்வத்தின் பெயர், உருமாற மறுக்கும் பிராணிக்கு! இதை நினைத்தால் எனக்கு எப்போதும் வியப்புதான்.

ஐரோப்பியர்களுக்கு இது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 1804-ல் அமெரிக்கக் கண்டப் பயணம் முடித்துத் திரும்பிய அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட், இறந்து பதப்படுத்தப்பட்ட இரண்டு ஆக்சலாட்டல்களைப் பாரிசில் இருந்த புகழ்பெற்ற உயிரியலாளர் குவியேயிடம் கொடுத்தார். குவியே அறுத்துப் பார்த்துவிட்டு, இது ஏதோ ஒரு பெரிய சாலமாண்டரின் இளம்பருவமாகத்தான் இருக்க வேண்டும் என்று சந்தேகித்தார். சந்தேகம் சரிதான். ஆனால் நிரூபிக்க வழியில்லை. ஜாடிக்குள் செத்துக் கிடக்கும் பிராணி எப்படி வளரும் என்று யாரால் சொல்ல முடியும்? உயிரோடு இருப்பதை யாராவது கொண்டுவந்து, பொறுமையாக வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு இன்னும் 60 ஆண்டு ஆனது.

இங்கேதான் அரசியல் வரலாறு உள்ளே வருகிறது. மூன்றாம் நெப்போலியனின் பிரெஞ்சுப் படை மெக்சிகோவுக்குள் நுழைந்து, 1863 ஜூன் மாதம் தலைநகரைப் பிடித்தது. மறு ஆண்டு ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியனைக் கொண்டுவந்து பேரரசர் என்று உட்கார வைத்தார்கள். படை போன இடத்திற்கு அறிவியல் சேகரிப்பும் போனது. 1864-ல் 34 உயிருள்ள ஆக்சலாட்டல்கள் கப்பலேறிப் பாரிசுக்கு வந்து சேர்ந்தன. வந்த இடம் 1860-ல் திறக்கப்பட்ட ழார்தேன் தக்லிமத்தாசியோன் என்ற தோட்டம். வெளிநாட்டு விலங்குகளையும் செடிகளையும் பிரான்சின் மண்ணுக்குப் பழக்கி, அவற்றால் பயன் கிடைக்குமா என்று பார்ப்பதற்காகவே ஏற்படுத்திய இடம் அது.

மலேசிய, சிங்கப்பூர் மாணவர்களுக்கு இந்த மாதிரி வேலை புதிதாகத் தெரியாது. 1876-ல் ஹென்றி விக்காம் பிரேசிலில் இருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சுமார் 2,700. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. நம் தாத்தா பாட்டிகள் வேலை செய்த பால்மரத் தோட்டங்களின் வேர் அங்கே இருக்கிறது. ஒரு நாட்டின் உயிரினத்தை எடுத்து, வேறொரு கண்டத்தில் பழக்கி, அங்கிருந்து உலகத்துக்குப் பரப்புவது அந்த நூற்றாண்டின் வழக்கம். ரப்பரில் பணம் இருந்தது. ஆக்சலாட்டலில் பணம் இல்லை, கேள்விகள்தான் இருந்தன.

அந்த 34-இல் ஆறு பிராணிகள் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பேராசிரியராக இருந்த ஒகுஸ்த் துய்மெரில் கைக்கு வந்தன. இவருடைய அப்பாவும் அதே அருங்காட்சியகத்தில் ஊர்வன பற்றிய பெரிய அறிஞர். ஆறில் ஐந்து ஆண், ஒன்றே ஒன்று பெண். ஆண்களில் ஒன்று வெள்ளை நிறம், மற்றவை எல்லாம் கருமை கலந்த நிறம். இந்த எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பெண். அது வழியில் இறந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

முதன்முறையாக வளர்ப்பவருக்கு என்ன தெரியும்? புத்தகம் கிடையாது. கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னொரு வளர்ப்பாளர் கிடையாது. கண்ணாடித் தொட்டியில் நீர்வாழ் உயிர்களை வைத்துப் பார்ப்பதே அப்போது புதுசு. லண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான முதல் மீன் காட்சிசாலை 1853-ல்தான் திறந்தது. துய்மெரில் செய்தது என்னவென்றால், கவனித்தார், எழுதி வைத்தார். 1865 ஜனவரியில் அந்த ஒரே பெண் முட்டையிட்டது. முட்டைகள் பொரிந்தன, குஞ்சுகள் வளர்ந்தன. செவுளோடு இருக்கும் பிராணியே இனப்பெருக்கம் செய்துவிட்டதால், இதுதான் முழு வளர்ச்சி, இதற்கு மேல் பருவம் இல்லை என்று முடிவு கட்டலாம். குவியே சந்தேகித்தது தவறு என்றுகூடச் சொல்லிவிடலாம்.

அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் கதை தலைகீழானது. குஞ்சுகளில் சிலவற்றின் செவுள் சுருங்க ஆரம்பித்தது. வாலின் துடுப்பு மறைந்தது. தலை வடிவம் மாறியது. தோலில் மஞ்சள் புள்ளிகள் தோன்றின. தொட்டியில் இருந்தது இப்போது வேறு பிராணி, நிலத்தில் வாழும் சாலமாண்டர். வட அமெரிக்காவில் ஏற்கெனவே தெரிந்திருந்த அம்பிஸ்டோமா வகையோடு அது பொருந்தியது. ஆனால் மெக்சிகோவிலிருந்து வந்த பெற்றோர் மட்டும் அப்படியே செவுளோடு நீந்திக்கொண்டிருந்தன! அம்மா அப்பா குழந்தையாகவே இருக்க, பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். செவுள்தான் காரணமோ என்று துய்மெரில் சிலவற்றின் செவுளை வெட்டிப் பார்த்தார். வெட்டியது மறுபடி முளைத்தது.

ஏன் சிலது மாறியது, சிலது மாறவில்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆனால் இன்னொரு காரியம் செய்தார். என்னைக் கேட்டால் அவர் கண்டுபிடித்ததைவிட இதுதான் பெரிது. பெருகிய ஆக்சலாட்டல்களை ஐரோப்பா முழுவதும் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். பல்கலைக்கழகங்களுக்கும் விலங்கியல் பூங்காக்களுக்கும் போனவை, அங்கிருந்து வீட்டில் தொட்டி வைத்திருந்த ஆர்வலர்களின் கைக்கும் பரவின. 1870-ல் பிரஷ்யப் படை பாரிசை முற்றுகையிட்டது. உணவில்லாமல் நகரமே தவித்தது. விலங்குக் காட்சிசாலையில் இருந்த யானைகளைக்கூட வெட்டி இறைச்சியாக விற்றார்கள். அந்த நவம்பரில் துய்மெரிலும் இறந்துபோனார். அதற்குள் ஆக்சலாட்டல்கள் பாரிசை விட்டு எங்கெங்கோ போய்விட்டிருந்தன. ஒரே இடத்தில் பூட்டி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. 'போரினால் ஆக்சலாட்டல் ஐரோப்பாவுக்கு வந்தது' என்று ஒரே வரியில் எழுதினால் அது காரணம் போலத் தெரியும், ஆனால் பாதிதான் சரி. போர் வாசலைத் திறந்தது. அந்தத் தோட்டம் இல்லாவிட்டால் அவற்றை வாங்கி வைக்க ஆள் இல்லை. ஒரு பெண் பிராணி உயிரோடு வந்தது தற்செயல். பங்கிட்டுக் கொடுத்தது ஒரு மனிதரின் முடிவு. எது சூழல், எது தற்செயல், எது மனிதர் எடுத்த முடிவு என்று பிரித்து எழுதுங்கள், கட்டுரை தானாகக் கனம் பெறும்.

துய்மெரில் விட்ட இடத்தில் தொடர்ந்தவர்களில் ஒரு பெண்மணி முக்கியமானவர். ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் மரீ வான் ஷோவின் என்பவர். பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாதவர், ஆனால் நீர்நில உயிர்களை வளர்ப்பதில் கைதேர்ந்தவர். அந்நகரில் பேராசிரியராக இருந்த ஆகுஸ்ட் வைஸ்மான், ஆக்சலாட்டலைத் தானே உருமாற்ற முயன்று தோற்றுப்போனார். பிறகு ஷோவினிடம் வேலையை ஒப்படைத்தார். அவர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். பிராணியின் முதுகு காற்றில் படும்படி செய்தார். ஈரப் பாசியில் வைத்தார், தவறாமல் தீனி கொடுத்தார், உடம்பில் சோர்வு தெரிந்தால் விட்டுப்பிடித்தார். அவருடைய ஆக்சலாட்டல்கள் கரையேறின. 1875-ல் வைஸ்மான் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக்கு அடித்தளம் இந்தப் பெண்மணியின் தினசரிப் பராமரிப்புதான். பேராசிரியரால் முடியாதது பொறுமையான வளர்ப்பாளரால் முடிந்தது. பாடப்புத்தகங்களில் அவர் பெயரைக் காண்பது அரிது.

உண்மையான காரணம் 20-ஆம் நூற்றாண்டில்தான் பிடிபட்டது. 1913-ல் லாஃப்பெர்கெர் என்ற செக் நாட்டு ஆய்வாளர் ஆக்சலாட்டலுக்குத் தைராய்டு சுரப்பியைத் தீனியாகக் கொடுத்து உருமாற வைத்தார். 1920-ல் இங்கிலாந்தில் ஜூலியன் ஹக்ஸ்லியும் அதைச் செய்து காட்டியபோது பத்திரிகைகள் பெரிய செய்தியாக்கின. ஆக்சலாட்டலின் உடம்பில் உருமாறும் திறன் இருக்கிறது, அதைத் தூண்டும் அளவுக்கு ஹார்மோன் சுரப்பதில்லை, அவ்வளவுதான். குவியே சந்தேகித்து நூறு ஆண்டுக்கு மேல் கழித்து விடை கிடைத்தது. வெட்டிய காலும் வாலும் எலும்போடு மறுபடி முளைக்கும் அதன் ஆற்றலுக்காக இன்றும் ஆய்வகங்கள் அதை வளர்க்கின்றன. 2018-ல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்து முடித்தார்கள். சுமார் 3,200 கோடி எழுத்துகள், மனிதனுடையதைப் போல் பத்து மடங்கு.

இப்போது கடையில் விற்கும் பிராணிக்கு வருவோம். ஆய்வகங்களிலும் வீடுகளிலும் இருக்கும் ஆக்சலாட்டல்களில் பெரும்பகுதி அந்தப் பாரிஸ் கூட்டத்தின் வழிவந்தவை. இடையிடையே மெக்சிகோவிலிருந்து புதியவற்றையும் சேர்த்தார்கள். வெள்ளை உடம்பும் கருப்புக் கண்ணும் கொண்டவற்றின் நிறம் 1864-ல் வந்த அந்த ஒற்றை வெள்ளை ஆணிடம் போய் முடிகிறது. பொன்னிறமும் சிவந்த கண்ணும் உடையவற்றின் கதை வேறு. 1962-ல் அமெரிக்காவில் ஹம்ஃப்ரி என்ற ஆய்வாளர் ஆக்சலாட்டலை வெளிறிய நிறமுள்ள புலிச் சாலமாண்டர் ஒன்றோடு கலப்பினம் செய்தார். அதன்வழி வந்த நிறம் அது. ஆக, மாணவர்கள் கைப்பேசியில் பார்க்கும் அந்த இளஞ்சிவப்புப் பிராணி சோச்சிமில்கோ கால்வாயில் இருந்த பிராணி இல்லை. கால்வாயில் வாழ்வது பச்சை கலந்த கருமையாக, சேற்றோடு சேறாகத் தெரியாமல் இருக்கும். பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் கொக்குக்கு விருந்தாகிவிடும்.

அந்தக் கால்வாய் என்ன ஆனது? மெக்சிகோ பள்ளத்தாக்கின் ஏரிகளை வெள்ளத்துக்குப் பயந்து வடிக்கும் வேலையை ஸ்பானியர்கள் 1607-லேயே தொடங்கிவிட்டார்கள். சால்கோ ஏரி வடிக்கப்பட்டது. சோச்சிமில்கோவில் மிஞ்சியது கால்வாய்கள் மட்டுமே. அங்கிருந்த ஊற்றுநீரைக் குழாய் போட்டு மெக்சிகோ நகரத்துக்கு எடுத்துப் போனார்கள். பதிலுக்குக் கால்வாய்க்கு வந்தது சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர். மக்களுக்கு உணவாகும் என்று கெண்டை மீனையும் திலாப்பியாவையும் கொண்டுவந்து விட்டார்கள். ஆமாம், நம் பசாரில் விற்கும் அதே திலாப்பியாதான். அவை ஆக்சலாட்டலின் முட்டையையும் குஞ்சையும் தின்று பெருகின. 1987-ல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பெயர் பலகையில் ஏறியது, தண்ணீர் தெளியவில்லை. 1998-ல் நடந்த கணக்கெடுப்பில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 ஆக்சலாட்டல்கள் இருந்தன. 2014-ல் 36.

உலகமெங்கும் தொட்டிகளில் எண்ணற்றவை நீந்துகின்றன, மெக்சிகோவின் 50 பெசோ நோட்டில் 2021 முதல் அதன் படம் இருக்கிறது. ஆனாலும் அது மிக அபாயத்தில் உள்ள இனம். மாணவர்களுக்கு இது முரணாகத் தெரியலாம். 'தொட்டியில் இருப்பதைக் கொண்டுபோய் ஏரியில் விட்டால் சரியாகிவிடுமே டீச்சர்' என்றும் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் சில பெற்றோரிடமிருந்து பெருகி, உறவுக்குள்ளேயே இனம் சேர்ந்து, இடையில் புலிச் சாலமாண்டர் இரத்தமும் கலந்த கூட்டம் அது. நோயையும் சுமந்து போகலாம். தவிர, எந்தத் தண்ணீரில் விடுவது?

வீட்டில் வளர்ப்பது பற்றிக் கேட்ட பிள்ளைக்கும் பதில் சொல்ல வேண்டும் இல்லையா? வரலாறே பாதி பதிலைச் சொல்லிவிடுகிறது. 2,240 மீட்டர் உயரத்து ஊர்க்காரன் அது. அதற்கு 16 முதல் 18 பாகை செல்சியஸ் தண்ணீர் வேண்டும். நம் ஊர் வெயிலில் தொட்டித் தண்ணீர் 28 பாகைக்குக் குறையாது. ஐஸ் கட்டியைப் போட்டுச் சமாளிக்கலாம் என்பது நடக்காத காரியம். ஏறி இறங்கும் வெப்பம் அதைவிடக் கெடுதல். இரவும் பகலும் ஓடும் குளிரூட்டும் கருவி வேண்டும், மின்கட்டணம் வேண்டும், பத்துப் பதினைந்து ஆண்டு அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். படிவம் ஒன்றில் வாங்கியது, நீங்கள் வேலைக்குப் போன பிறகும் தொட்டியில் இருக்கும். புதுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிய அன்றே பிராணியை விடக் கூடாது. அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் வளர வாரக்கணக்கில் ஆகும். அடியில் சின்னச் சின்னக் கூழாங்கல் போட்டால், இரையோடு சேர்த்து விழுங்கிவிடும். கையில் எடுத்து விளையாடும் பிராணியும் அல்ல, தோல் அவ்வளவு மென்மை. இணையத்தில் சிலர் அதை வேண்டுமென்றே உருமாற வைத்துப் படம் போடுகிறார்கள். ஷோவின் அம்மையார் ஒரு அறிவியல் கேள்விக்காக, ஒவ்வொரு நாளும் பக்கத்தில் இருந்து செய்த வேலை அது. வேடிக்கைக்குச் செய்தால் பிராணி இறந்துபோகும், அல்லது ஆயுள் குறையும். வாங்குவதற்கு முன்னால் உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்று பெற்றோரோடு சேர்ந்து வனவிலங்குத் துறையிடம் கேட்டுக்கொள்வதும் அவசியம். அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஆக்சலாட்டல் 1975 முதல் இருக்கிறது.

துய்மெரிலின் பெயர் வேறொரு சாலமாண்டருக்கு வைக்கப்பட்டிருக்கிறது. மெக்சிகோவின் பாட்சுவாரோ ஏரியில் மட்டும் வாழும் 'அச்சோக்கே'. அதன் அறிவியல் பெயர் அம்பிஸ்டோமா துமெரிலி. அவர் இறந்த அதே 1870-ல் வைத்த பெயர். அதுவும் அழிவின் விளிம்பில்தான். அந்த ஊர் மடத்தில் உள்ள கன்னியாஸ்திரிகள் இருமலுக்கு ஒரு மருந்துச்சாறு காய்ச்சி விற்பவர்கள். அதற்கு அச்சோக்கே தேவை. ஏரியில் கிடைப்பது குறைந்ததும் மடத்துக்குள்ளேயே தொட்டிகள் வைத்து வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள். இன்று அந்த இனத்தின் முக்கியமான பாதுகாப்புக் கூட்டங்களில் ஒன்று அந்த மடத்துத் தொட்டிகளில் இருக்கிறது. விலங்கியல் அறிஞர்கள் அவர்களிடம் போய்ப் பேசுகிறார்கள்.

சோச்சிமில்கோவில் மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சினாம்பா விவசாயிகளோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். பாத்திகளை ஒட்டிய சிறு கால்வாய்களின் வாயில் தடுப்பு வைத்து, கெண்டையும் திலாப்பியாவும் நுழையாமல் செய்கிறார்கள். செடிகளால் தண்ணீரை வடிகட்டுகிறார்கள். விவசாயி பூச்சிமருந்தைக் குறைத்துப் பயிரிடுகிறார். அப்படிச் சீர்செய்த கால்வாய் ஒன்றிலும், நகரத்தின் தெற்கே உள்ள நீர்நிலை ஒன்றிலும் வளர்ப்பில் பிறந்த ஆக்சலாட்டல்களைச் சிறு வானொலிக் கருவி பொருத்தி விட்டுப் பார்த்தார்கள். முடிவுகள் 2025-ல் வெளியாயின. விட்டது மொத்தம் 18. கண்காணித்த காலம் முழுவதும் அவை பிழைத்திருந்தன. மறுபடி பிடித்து நிறுத்துப் பார்த்தவை எடை கூடியிருந்தன, தாங்களே இரை தேடித் தின்று.